புகை போகும் வழி

மார்ச் 4

இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டான்: "நீங்கள் உண்மையான கெல்ட்டா?" எனக்குக் கட்டம் போட்ட கம்பளிக் காற்சட்டை, தோளில் ஊசி குத்திய போர்வை, காலில் மாட்டுத்தோல். முகம் மட்டும் மானிப்பாய். "இல்லை, யாழ்ப்பாணம்" என்றேன். அது எந்தக் குலம் என்று கேட்டான். ரோமாபுரிக்கு அடங்காத குலம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வேல்ஸ் நாட்டின் நடுவில் ஒரு குன்று. இரண்டாயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன் அங்கே இருந்த, கெல்ட் என்று சொல்லப்படும் சனத்தின் வீடுகளின் தூண் குழிகளைத் தோண்டிக் கண்டுபிடித்து, பக்கத்து வயலில் அதே அளவில் மூன்று வட்ட வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மண்சுவர், வைக்கோல் கூரை, நடுவில் நெருப்பு. சனம் வந்து பார்க்கும். நான் அங்கே திருத்த வேலைக்காரன், வேடம் போட்டு விளக்கம் சொல்பவன், மலசலகூடத்துக்குக் கடதாசி வைப்பவன். ஊரில் கட்டடத் திணைக்களத்தில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவன் என்பது இங்கே ஒருவருக்கும் தேவையில்லாத செய்தி.

இந்த நோட்டுக் கொப்பி எங்கள் பொறுப்பாளர் கேரிஸ் தந்தது. அவள் அகழாய்வு படித்தவள். ஒவ்வொருவரும் அன்றன்று செய்த வேலையை எழுதவேண்டும் என்பது அவளுடைய சட்டம். அதை ஆங்கிலத்தில் அலுவலகக் கொப்பியில் எழுதுகிறேன். இது எனக்கு.

மார்ச் 9

வருகிறவர்கள் கேட்பது எப்போதும் மூன்று கேள்வி. கொம்பு வைத்த தொப்பி எங்கே? நரபலி எங்கே கொடுப்பார்கள்? வெள்ளை உடுப்புச் சாமியார் எத்தனை மணிக்கு வருவார்?

தேநீர் நேரத்தில் கேரிஸிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் காலத்துச் சனம் தங்களைப் பற்றித் தாங்கள் எழுதி வைக்கேல்லை, நகுல். கெல்ட் எண்ட பேரே கிரேக்கர் சொன்னது. இந்தக் குன்றிலை இருந்தவை அந்தப் பேரைக் கேட்டேயிருக்க மாட்டினம். பிரம்புப் பொம்மைக்குள்ளை மனிசரை அடைச்சு எரிச்சவை எண்டு எழுதினது, அவையின்ர நாட்டைப் பிடிக்கப் போன சீசர். பிறகு ஒரு முன்னூறு வருசத்துக்கு முன்னம் சில கனவான்களுக்கு அவையிலை காதல் வந்துது. வெள்ளை உடுப்பும் தாடியும் போட்டு, கல் வட்டங்களுக்கு நடுவிலை நிப்பாட்டி விட்டினம். அந்தக் கல்லுகள் அவைக்கும் ரெண்டாயிரம் வருசம் முந்தினது."

(இவர்கள் பேசுவது ஆங்கிலம்தான். எழுதும்போது எப்படியோ எங்கள் பேச்சாகி விடுகிறது. இருக்கட்டும்.)

வெறுத்தவன் பாதி பார்த்தான், காதலித்தவன் பார்க்கவே இல்லை. பகைவன் எழுதின சரித்திரம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 16

வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை பூட்டிக் காட்டினார்கள். பட்டையை வேண்டுமென்றே சற்றுச் சின்னதாக அடித்து, சிவக்கக் காய்ச்சி, மரச்சில்லில் இறக்கித் தண்ணீர் ஊற்றினார்கள். இரும்பு சுருங்கிச் சில்லை அப்படியே இறுக்கிக்கொண்டது. ஆணி இல்லை. அந்தக் காலத்துச் சனம் செய்த சில்லுகள் இப்படித்தான் இருந்தனவாம். சில்லின் சுற்றளவு, பட்டையின் சுற்றளவு, சூடு எல்லாம் ஒரு நூல் பிசகினாலும் சரிவராது. நான் டிப்ளோமா வைத்திருக்கிறேன், எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மாதத்தை வளர்பிறை தேய்பிறை போல இரண்டாகப் பிரித்து வெண்கலத் தகட்டில் பொறித்த நாட்காட்டி ஒன்று பிரான்ஸ் பக்கம் கிடைத்திருக்கிறதாம். ஊரில் இருக்கும் மனைவி பவளத்திடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 23

இவ்வளவு கெட்டிக்காரருக்குக் கூரையில் ஒரு ஓட்டை வைக்கத் தோன்றவில்லை.

பெரிய வீட்டுக்குள் நெருப்பு மூட்டினால் புகை வெளியே போக வழியில்லை. ஒரே வாசல்தான், அதுவும் குனிந்து போகும் வாசல். இன்று இந்த இடத்தை நடத்தும் அறங்காவலர் சபை அம்மையார் ஒருவர் வந்தார். இரண்டு நிமிடம் நின்றார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் வாசலோரம் நின்று விளக்கம் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தேன். டில்வின் மட்டும் நெருப்பருகே நிலத்தில் குந்தியிருந்து மரமுளை சீவினார். டில்வின் கூரை வேய்பவர், அறுபத்தாறு வயது, கனக்கப் பேசமாட்டார். அவருக்கு ஒரு இருமல்கூட இல்லை. பழகிவிட்டது போலும்.

கேரிஸிடம் கேட்டேன். ஓட்டை வைக்கக் கூடாது, வைக்கோலே மூச்சு விடும் என்றாள். தூண் குழிகள்தான் மிச்சம், கூரையை ஒருவரும் கண்டதில்லை, பிறகு எப்படித் தெரியும் என்றேன். "கட்டிப் பாத்தபடியால் தெரியும்" என்றாள். இது என்ன பதில்?

இதை இவ்வளவு யோசிக்கக் காரணம் இருக்கிறது. என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். மே முதலாம் திகதி விழாவுக்குச் சபை முழுவதும் வருகிறது. அன்றைக்கு என்னை நிரந்தரமாக்கக் கேட்பதாகக் கேரிஸ் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடிதம் இருந்தால்தான் பவளத்தை அழைக்கும் விண்ணப்பம் நகரும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கலியாணம் முடித்து மூன்று வருடம். சேர்ந்து இருந்தது நாற்பது நாள். மே முதலாம் திகதி அந்தச் சபை பெரிய வீட்டுக்குள் இருமாமல் கால்மணி நேரம் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 30

பவளம் போனில்.

"இஞ்சாருங்கோ, ஓட்டை என்னத்துக்கு? புகை கூரைக்குள்ளாலை தானாப் போகும்."

"நீர் என்ன எஞ்சினியரோ?"

"நான் வன்னியிலை கொட்டிலுக்கை ஆறு வருசம் சமைச்சனான். நீங்கள் அப்ப லண்டன்."

நான் பேச்சை மாற்றி, பொலிஸ் நற்சான்றுக் கடிதம் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுத்தாயிற்றாம். சண்டை நடந்த அந்த ஆறு வருடத்தைப் பற்றி அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கலியாணப் பேச்சின்போது தரகர், "ஒரு அண்ணன் இருந்தவர், இப்ப இல்லை" என்றார். அதோடு சரி. கேட்டு நோகடிப்பது பண்பில்லை என்று நினைத்தேன்.

ஏப்ரல் 6

ஒரு படம் கீறினேன். கூரை உச்சியில் ஒன்றரை அடி அகலம், மேலே மழைக்கு ஒரு சிறு வைக்கோல் மூடி, வெளியே நின்று பார்த்தால் தெரியாது. துப்புரவான வேலை. பழைய கை இன்னும் கெடவில்லை.

ஏப்ரல் 13

கேரிஸ் கார்டிஃபில் கூட்டம். டில்வினுக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு, வரவில்லை. எனக்குக் கூரைப் பக்கம் ஒரு மணி நேரம் வேலை. அலுவலகக் கொப்பியில்: "ஏணி துடைத்தேன். வாசல் கயிறு மாற்றினேன்."

ஏப்ரல் 14

சின்ன நெருப்பு மூட்டினேன். புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போனது. நிமிர்ந்து நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மெச்ச ஒருவரும் இல்லாததால் நானே "சபாஷ் ஓவசியர்" என்று சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 17

பெரிய வீடு எரிந்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கிழக்குக் காற்று.

ஏப்ரல் 18

நேற்றுக் காலை பதினொரு மணி. நான் வைத்த நெருப்புத்தான், பெரிய விறகு. பத்தரைக்கு வரவேண்டிய பள்ளிக்கூட பஸ் பிந்தியது. அது பிந்தியதற்கு எந்தத் தெய்வத்துக்குத் தேங்காய் உடைப்பதென்று தெரியவில்லை. நெருப்பு ஊதுலை போல உறுமியது. நிமிர்ந்து பார்த்தபோது உச்சியில் ஒரு பொறி நின்று எரிந்தது. காட்சிக்கு வைத்திருந்த நெசவுத் தறியை வெளியே இழுத்தேன், இரண்டு ஆட்டுத்தோலை இழுத்தேன். இருபது நிமிடத்தில் தூண்கள் மட்டும் நின்றன.

டில்வின் கோணிய நாரியோடு வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கூரை அவருடைய பதினொரு வாரம்.

என்ன நடந்தது என்று கேரிஸ் கேட்டாள். காற்று என்றேன்.

ஏப்ரல் 20

மழை. கரி வாரினோம். கரிக்குள் இருந்து ஒரு கண்ணாடி மணி எடுத்தேன், உடையவில்லை.

ஏப்ரல் 22

சபையின் கடிதம் வந்தது. கூரை வேய்ந்தது இறுக்கம் போதாது, அதனால் தீ பிடித்திருக்கலாம் என்கிறார்கள். புது வீட்டுக்கு வேறு ஆளைத் தேடப்போகிறார்களாம். என் விஷயம் குறித்தபடி மே முதலாம் திகதி எடுக்கப்படும்.

டில்வின் வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "இருக்கும். வயசு போன கைதானே" என்றார்.

ஏப்ரல் 23

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24

இன்றும்.

ஏப்ரல் 26

பவளத்துக்குச் சொல்லிவிட்டேன். சொல்ல நினைத்துப் போன் எடுக்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"அந்தக் கூரை வேய்ஞ்ச மனிசனைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்?"

"வேய்ஞ்சது பிழை எண்டு."

"நீங்கள் என்ன எழுதினியள்?"

"காத்து எண்டு."

"ஓட்டை?"

சொன்னேன்.

"இஞ்சாருங்கோ. கடிதம் பிந்தினாப் பிந்தட்டும். எனக்கு ஆசையில்லாமல் சொல்லேல்லை, ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன். ஆனா எரிச்சவன் எழுதினதைத்தான் உலகம் நம்பும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பக்கத்திலை நீங்கள் போய் நிக்க வேண்டாம்."

ஏப்ரல் 27

ஒளித்து எழுதி என்ன பயன்? பதின்மூன்றாம் திகதி பெரிய வீட்டுக் கூரையின் உச்சியில் ஒன்றரை அடி ஓட்டை வெட்டினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கூரை எரிந்ததோடு ஓட்டையும் எரிந்துவிட்டது, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. இதைத்தான் இன்று காலை கேரிஸின் மேசைக்கு முன் நின்று சொன்னேன். வெட்கமாக இருந்தது, சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பென்சிலை எடுத்து ஒரு வீடு கீறினாள்.

"ஓட்டை இல்லாட்டில் புகை உச்சியிலை தங்கும். பொறி மேலை போனாலும் அந்தப் புகைக்குள்ளை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பிறகு புகை வைக்கோலுக்குள்ளாலை மெல்ல மெல்லப் போகும். போற வழியிலை பூச்சியைக் கொல்லும், கட்டித் தூக்கின இறைச்சியைக் காய வைக்கும். அவைக்கு வழி தெரியாமல் விட்டதில்லை, நகுல். அதுதான் வழி. நீங்கள் அதைத் திறந்துவிட்டுப் புகைபோக்கி ஆக்கிட்டியள்."

ஒரு கூரை. அதுவே தீக்காவல், அதுவே பூச்சி மருந்து, அதுவே பரண். இத்தனையையும் ஓட்டை வைக்காமலே செய்து வைத்த மனிதர்களுக்கு நான் பாடம் எடுக்கப் போயிருக்கிறேன்.

அலுவலகக் கொப்பியை என் பக்கம் தள்ளினாள். "எழுதுங்கோ. எத்தனை அடி, எந்தப் பக்கக் காத்து, எத்தினை நிமிசம். உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ. சபைக்கு நான் அனுப்பவேணும்."

"என்ர கடிதம்?"

"மேயிலை கேக்க ஏலாது. பிறகும் கேக்கலாமோ எண்டு இப்ப சொல்லத் தெரியேல்லை."

நாலு பக்கம் எழுதினேன். டில்வினின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதை முதல் வரியில் எழுதினேன்.

மே 1

விழா. சபை எரிந்த தூண்களைச் சுற்றிப் பார்த்தது. நான் வாகனம் நிறுத்துமிடத்தில் கொடி காட்டினேன். டில்வின் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூரை வேலை அவருக்கே என்று முடிவாகியிருக்கிறது. மனது கொஞ்சம் ஆறியது. பவளம் இன்று போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்ன சொல்ல?

மே 9

டில்வின் வாய் திறந்தார். கரித்தூண் ஒன்றை இருவரும் தூக்கிக்கொண்டு போகிறோம். நடுவழியில் நின்றார்.

"எத்தினை அடி?"

"ஒண்டரை."

"என்ர ரெண்டு."

எனக்கு விளங்கவில்லை. தூணைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் இருந்துகொண்டு சொன்னார். இளம் வயதில், வேறொரு குன்றில், வேறொரு வீடு. இந்தப் பழைய ஆட்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துத் தானும் ஓட்டை வெட்டினாராம். அரை மணி நேரத்தில் எரிந்து முடிந்ததாம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"காத்து எண்டு."

"எழுதி வைக்கேல்லையோ?"

"வெக்கம். எழுதியிருந்தா நீர் வாசிச்சிருப்பீர்."

"வாசிச்சாலும் வெட்டியிருப்பன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நாரி திரும்பப் பிடித்துக்கொண்டது. நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜூலை 20

சுவர் வேலை. களிமண், வைக்கோல், மாட்டுச்சாணம், காலால் மிதி. டில்வின் கூரையை நாற்பத்தைந்து பாகையில் நிறுத்துகிறார். குறைந்தால் மழை உள்ளே ஊறும், கூடினால் வைக்கோல் வழுகி இறங்கும். வாசல் காலை வெயில் விழும் பக்கம். சுவர் மேல் ஒரு வளையம் கட்டி, அத்தனை கைமரமும் அதில் அமர்கிறது. பாரம் முழுவதும் வட்டமாகப் பகிர்ந்துகொள்கிறது, ஒரு தூணும் தனியே சுமப்பதில்லை. தாள் இல்லை, பென்சில் இல்லை, ஓவசியரும் இல்லை. இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியவர்கள் ஒரு நாள் வந்து இந்தக் களியை மிதித்திருக்க வேண்டும். எனக்கு இவர்களைப் பிடித்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

ஒக்டோபர் 11

கூரை முடிந்தது. ஓட்டை இல்லை.

ஒக்டோபர் 30

கடிதம் வந்துவிட்டது! நிரந்தரம். சபைக்கு என் நாலு பக்கத்தையும் கேரிஸ் வாசித்துக் காட்டினாளாம். இருமிக்கொண்டு போன அம்மையார்தான், பிழையைத் தேதி போட்டு எழுதுகிற ஆள் நமக்கு வேண்டும் என்றாராம். பவளம் போனில் அழுதாள். நானும்தான்.

மார்ச் 21

பவளம் வந்து நாலு நாள். குளிர், மழை, ஆட்டு மணம், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. என் காற்சட்டையைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று பெரிய வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நெருப்பு எரிந்தது. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாவம், ஒரு ஓட்டை வைக்கத் தெரியேல்லையே" என்றார். நான் வாசலோரம் என் வழமையான இடத்தில் நின்று, கண்ணைத் துடைத்தபடி, என் விளக்கத்தைத் தொடங்கினேன்.

பவளம் குனிந்து உள்ளே வந்தாள். கூரையை ஒருதரம் பார்த்தாள். ஒருவரையும் கேட்காமல் நேரே நெருப்பருகே போய், குளிர்கோட்டின் விளிம்பை ஒதுக்கிக்கொண்டு, நிலத்தில் குந்தி இருந்தாள். வெளியே நீண்டிருந்த விறகை உள்ளே தள்ளினாள். இருமவில்லை. கண்ணைக் கசக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, ஏன் நிக்கிறியள்? இருங்கோ."

இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த நெருப்பை மூட்டுகிறேன், இந்த வீட்டைக் கட்டியிருக்கிறேன், இதற்குள் ஒருநாளும் நிலத்தில் இருந்ததில்லை. ஓவசியர் குந்துவதில்லை. புகை எங்கள் தலைக்கு மேலே ஒரு தட்டுப்போல அசையாமல் நின்றது. அதற்குக் கீழே காற்று கழுவி விட்டதுபோல இருந்தது. நெருப்பின் சூடு முகத்துக்கு நேரே வந்தது. இது நிலத்தில் குந்தி இருப்பவர்களுக்குக் கட்டிய வீடு. வந்த நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டு அவர்களைக் குறை சொல்லியிருக்கிறோம்.

மூக்கைப் பொத்திய மனிதர் எங்களைப் பார்த்தார். பிறகு அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இருந்தார்கள். இருமல் நின்றுவிட்டது.

பவளம் உச்சியைக் காட்டினாள். "எங்கட கொட்டிலிலை அந்த இடத்திலைதான் விதைநெல்லுக் கட்டித் தூக்கியிருந்தனாங்கள். ஒரு பூச்சி வராது."

நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஆரார் இருந்தனீங்கள் அங்கை?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதப் போறியளோ?"

"நீர் சொல்லும். நீர் சொன்னபடி எழுதுறன்."

ஒரு குச்சியால் தணலைக் கிளறினாள்.

"கூரை வேய்ஞ்சது எங்கட அண்ணை" என்றாள். "பேர் கிருபாகரன். ஓட்டை ஒண்டும் வைக்கேல்லை."